1.28, 1.55, 1.6: எந்த இலக்கம் சரி? பூமியின்ர சராசரி வெப்பநிலையை எப்பிடித்தான் அளக்கினம்?

முறிகண்டிப் பக்கம்:

வணக்கம் எல்லாருக்கும். எங்கட கமக்கார அமைப்புக் கூட்டத்தில போன கிழமை காலநிலை மாற்றம் பற்றி ஒரு வகுப்பு வைச்சவை. வந்தவர் ஸ்லைட் போட்டு, 2024 தான் அளவெடுக்கத் தொடங்கின காலத்தில இருந்து ஆகச் சூடான வருசம், 1.55 பாகை கூடிப்போச்சு எண்டு சொன்னவர். உடன எங்கட பெடியன் ஒராள் போனை எடுத்துத் தேடிப் பாத்திட்டு நாசா 1.28 எண்டெல்லோ போட்டிருக்கு எண்டான், இன்னொருத்தர் ஐரோப்பாக்காரர் 1.6 எண்டு சொல்லினம் எண்டார், அதோட வகுப்பு குழம்பிப் போச்சு. "ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொன்னா நாங்கள் எதை நம்பி விதைக்கிற காலத்தை மாத்திறது" எண்டு ஒரு ஐயா கேட்டவர், ஞாயமான கேள்வி, ஆனா அங்க நிண்ட ஒருத்தரிட்டையும் விடை இருக்கேல்ல.

வீட்ட வந்து நானும் தேடினன், இன்னும் குழம்பினதுதான் மிச்சம். கொப்பர்நிக்கஸ் எண்ட ஐரோப்பிய நிறுவனம் 2024 இல பூமியின்ர சராசரி 15.10 பாகை எண்டும், 2024 யூலை 22 தான் ஆகச் சூடான நாள், அண்டைக்கு 17.16 பாகை எண்டும் போட்டிருக்கு. 17 பாகை! இஞ்ச மார்கழி விடியப்புறத்தில கூட அவ்வளவு கீழ போறது அருமை, சித்திரை வைகாசியில மத்தியானம் 36 எண்டு போன் காட்டுது, வயலுக்குள்ள நிக்க ஏலாது. அப்ப இந்த 17 எங்க அளந்தது? 1.28, 1.55, 1.6 இதில எது சரி? எதில இருந்து கூடினது எண்டு ஏன் ஒருத்தரும் சொல்லினம் இல்லை? தெரிஞ்ச ஆக்கள் கொஞ்சம் விளங்கப்படுத்துங்கோ, அடுத்த கூட்டத்துக்கு முதல் எனக்கு இது வடிவா விளங்கவேணும்.

நெடுங்கேணி சிவராத்திரி:

எனக்கும் இதில கனகாலமாச் சந்தேகம் இருக்கு, சண்டைக்குக் கேக்கேல்ல, உண்மையாவே அறியவேணும் எண்டுதான் கேக்கிறன். வவுனியா ரவுணைப் பாருங்கோ, முந்தி மரம் நிண்ட இடமெல்லாம் இப்ப கொங்கிறீற்றும் தாரும். வெப்பமானி ரவுணுக்குள்ள இருந்தா சூடு கூடத்தானே காட்டும், அது பூமி சூடானதா இல்லாட்டி ரவுண் சூடானதா? மற்றது போர்க்காலம். சனமே இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஓடின காலத்தில வன்னியில ஆர் ஒழுங்கா வெப்பநிலை அளந்தது? அளக்காத இடத்துக்கெல்லாம் இலக்கம் எங்கயிருந்து வருது? எங்கட வன்னிக்கே இப்பிடி எண்டா ஆபிரிக்கா, அந்தாட்டிக்கா எல்லாம் என்ன மாதிரி?

புவியியல் ரீச்சர்:

தம்பி முறிகண்டி, நல்ல கேள்வி. 17 பாகையில இருந்து தொடங்குறன், ஏ/எல் பிள்ளையளும் இதிலதான் முதல் தடக்குப்படுறவை.

பூமியின்ர சராசரி எண்டா உங்கட வயல் மத்தியானம் மட்டும் இல்லை. அதே நேரத்தில இருட்டுக்குள்ள கிடக்கிற பசுபிக் சமுத்திரம், சைபீரியா, யூலை மாதத்தில சைபருக்குக் கீழ 60 பாகை மட்டும் போற அந்தாட்டிக்கா பனிமேடு, எல்லாம் அதுக்குள்ள வருது. பூமியில 71 வீதம் கடல், அதையும் சேர்த்து, ஒவ்வொரு இடத்துக்கும் அதின்ர பரப்பளவுக்கு ஏத்த பங்கு குடுத்து, பகல் இரவு எல்லாத்தையும் கூட்டிப் பிரிச்சா வாறதுதான் 15 சொச்சம். ஒரு நாள் உச்சம் யூலையில வாறதுக்கும் காரணம் இருக்கு. யூலைத் தொடக்கத்திலதான் பூமி சூரியனுக்கு ஆகத் தூரத்தில நிக்கும், ஆனாலும் தரை கூட இருக்கிறது வடக்கு அரைக்கோளத்தில, தரை கடலைவிடக் கெதியாச் சூடேறும், அதால அங்க கோடை வரேக்க முழுப் பூமியின்ர சராசரியும் மேல போகும். தைக்கும் யூலைக்கும் இடையில ஏறக்குறைய 4 பாகை வித்தியாசம். அதால 17.16 எண்ட அந்த நாளை உங்கட போன் காட்டுற 36 ஓட ஒப்பிட வேண்டாம், முந்தின வருசங்களின்ர யூலை நாட்களோட ஒப்பிட்டாத்தான் அதின்ர கனம் விளங்கும்.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வாறன். விஞ்ஞானிகளுக்கு அந்த 15 எண்ட இலக்கத்தில பெரிய நம்பிக்கை இல்லை, அரைப் பாகை கூடக்குறைய இருக்கலாம். அவை நம்புறது மாற்றத்தை. ஏன் எண்டு கேளுங்கோ. வவுனியாவில வருசச் சராசரி 28 பாகைக்குக் கிட்ட, நுவரெலியாவில 16க்குக் கிட்ட. ரெண்டு இடத்தையும் கூட்டிச் சராசரி எடுத்து வைச்சிருக்கிறீங்கள், அடுத்த வருசம் நுவரெலியா வெப்பமானி பழுதாப் போச்சு எண்டா இலங்கை திடீரெண்டு ஆறு பாகை சூடானது மாதிரி வரும், பிழையான கணக்கு. ஆனா ஒவ்வொரு நிலையமும் தன்ர வழமையான அளவில இருந்து எவ்வளவு விலகி நிக்குது எண்டு பாத்தா இந்தப் பிரச்சினை இல்லை. சூடான ஒரு சித்திரை வந்தா வவுனியாவும் தன்ர வழமையைவிட ஒரு பாகை மேல போகும், நுவரெலியாவும் கிட்டத்தட்ட அதேயளவு மேல போகும். மலையும் வயலும் வெப்பநிலையில பெரிய வித்தியாசம், விலகலில பக்கம் பக்கம். அந்த விலகல்களைத்தான் உலகம் முழுக்கச் சேர்த்துச் சராசரி எடுக்கினம்.

விலகல் எண்டா ஏதோ ஒரு வழமையில இருந்துதானே விலகவேணும், அந்த வழமைக்கு எடுக்கிற காலத்தைத்தான் அடிப்படைக் காலம் எண்டுறது, பேஸ்லைன் எண்டு போட்டிருப்பினம். இரணைமடுவை நினைச்சுப் பாருங்கோ. துருசடியில அளவுகோல் நிக்குது, 36 அடி எண்டா குளம் நிறைவு. அந்த 36 அடி குளத்துக்கெண்டு வைச்ச ஒரு சைபரில இருந்து எண்ணுறது, அதே தண்ணியைக் கடல்மட்டத்தில இருந்து அளந்தா வேற இலக்கம் வரும். ஆனா ஒரே இரவில மழை கொட்டி ரெண்டு அடி ஏறினா எந்தச் சைபரில இருந்து பாத்தாலும் ரெண்டு அடிதான் ஏறினது.

நாசாவின்ர சைபர் 1951 தொடக்கம் 1980 வரைக்குமான சராசரி, 1980களில நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன் ஆக்கள் இந்தக் கணக்கைத் தொடங்கேக்க கையில இருந்த கடைசி முப்பது வருசம் அதுதான், பிறகு மாத்தாமல் வைச்சிருக்கினம். அமெரிக்காவின்ர மற்ற நிறுவனமான நோவா 20ஆம் நூற்றாண்டு முழுக்க எடுத்தது, 1901 தொடக்கம் 2000. பிரித்தானியாக்காரரின்ர ஹாட்கிரட் எண்ட வெப்பநிலைத் தரவுத்தொகுப்பு 1961 தொடக்கம் 1990. கொப்பர்நிக்கஸும் ஜப்பானும் 1991 தொடக்கம் 2020. இப்ப 2024 ஐ மட்டும் பாருங்கோ: நாசா 1.28 எண்டுது, நோவா 1.29 எண்டுது, கொப்பர்நிக்கஸ் தன்ர சைபரில இருந்து வெறும் 0.72 எண்டுது. எல்லாம் ஒரே வருசம், ஒரே பூமி. உங்கட பெடியன் பாத்த 1.28 உம் பிழை இல்லை, ஸ்லைட்டில இருந்த 1.55 உம் பிழை இல்லை, ரெண்டும் வேற வேற சைபரில இருந்து எண்ணினது.

1.55 எண்டது 1850 தொடக்கம் 1900 வரைக்குமான காலத்தில இருந்து. அந்தச் சைபருக்கு மாத்தினா நாசா 1.47, நோவா 1.46, பிரித்தானியா 1.53, கொப்பர்நிக்கஸ் 1.60, பேர்க்லி ஏர்த் எண்ட அமெரிக்க ஆய்வுக் குழு 1.62. ஜப்பானையும் சேர்த்து இந்த ஆறு கணக்கையும் ஒண்டாக்கி உலக வானிலை அமைப்பு சொன்னதுதான் 1.55, அதிலயும் 0.13 கூடக்குறைய இருக்கலாம் எண்டு சேர்த்துத்தான் சொன்னவை. ஸ்லைட் போடுற ஆக்கள் "எதில இருந்து" எண்ட அந்த ஒரு வரியை விட்டிடுகினம், எனக்கு உண்மையாக் கவலை அதுதான், அந்த ஒரு வரி இல்லாததாலதான் கமக்காரர் விஞ்ஞானத்தையே சந்தேகப்படுற நிலைமை வருது.

முறிகண்டிப் பக்கம்:

ரீச்சர் நன்றி, இரணைமடுக் கதையோட எனக்கு வெளிச்சிட்டுது. ஆனா இன்னும் ஒண்டு கேக்கவேணும். சைபரை மாத்தின பிறகும் 1.46 தொடக்கம் 1.62 மட்டும் வித்தியாசம் நிக்குதே, ஒரே சைபர் எண்டா ஒரே விடை வரவேணும் எல்லோ? மற்றது 1850 இல இலங்கையில ரயிலே இல்லை, அப்ப பூமி முழுக்க ஆர் அளந்தது, கடலுக்குள்ள ஆர் அளந்தது?

அளம்பில் கடலோடி:

கடல் கதைக்கு நான் வாறன், கப்பலில இஞ்சின் அறையில வேலை செய்யிற ஆள் நான், இந்த விசயம் எங்கட தொழிலுக்குள்ளயே கிடக்குது.

1850களில கடலை அளந்தது கப்பல்காரர்தான். வாளியைக் கயித்தில கட்டிக் கடலுக்குள்ள விட்டு, தண்ணி அள்ளி மேல இழுத்து, அதுக்குள்ள வெப்பமானியை விட்டுப் பாத்துக் கப்பல் குறிப்புப் புத்தகத்தில எழுதி வைச்சவை. முதல் மரவாளி, பிறகு கன்வஸ் வாளி. கன்வஸ் எண்டா சீலைதானே, தண்ணி கசியும், தளத்தில காத்து அடிக்கும், கசிஞ்ச தண்ணி ஆவியாகேக்க வாளித்தண்ணி குளிர்ந்துபோகும். மாலுமி வெப்பமானியை எடுத்துப் பாக்க எவ்வளவு நேரம் பிந்தினவர், எவ்வளவு காத்து அடிச்சது எண்டதைப் பொறுத்து உண்மையான கடலைவிடக் குறைவாத்தான் காட்டும். இஞ்சின் கப்பல்கள் வந்த பிறகு இஞ்சினைக் குளிராக்க உள்ள எடுக்கிற கடல்தண்ணிக் குழாயில வெப்பமானி பூட்டினவை, அது மற்றப் பக்கம், இஞ்சின் அறைச் சூடு பட்டுக் கொஞ்சம் கூடக் காட்டும். நான் நிக்கிற இடத்தில அந்தக் குழாயைத் தொட்டுப் பாத்தாலே விளங்கும், வெளியில கடல் எவ்வளவு குளிர் எண்டாலும் குழாய் ஓடிவாற அறை வெக்கையா இருக்கும்.

இதில ரெண்டாம் உலகப் போர் ஒரு பெரிய விளையாட்டு விட்டது. போர்க்காலத்தில இரவில தளத்தில லைற் பிடிச்சு வாளி அள்ளினா எதிரிக்குக் கப்பல் தெரிஞ்சுபோகும், அதோட அமெரிக்கக் கப்பல்களின்ர அளவீடுகள் கூட வந்தது, அவை குழாயில அளந்தவை, அதால 1941 தொடக்கம் 1945 மட்டும் கடல் சூடானது மாதிரிக் காட்டுது. போர் முடிய பிரித்தானியக் கப்பல்களின்ர வாளி அளவீடு திரும்பக் கூட வர, கடல் திடீரெண்டு குளிர்ந்தது மாதிரி ஒரு விழுக்காடு வருது. அந்த விழுக்காடு அளந்த முறை மாறினதால வந்தது எண்டு 2008 இலதான் வடிவாக் காட்டினவை. இப்ப மிதவைகள் இருக்கு, அதுகள் நேர கடலுக்குள்ள மிதந்துகொண்டு அளந்து செய்மதிக்கு அனுப்பும், கப்பல் அளவோட ஒப்பிட்டா மிதவை ஏறக்குறைய 0.12 பாகை குறைவாக் காட்டும், அதையும் கணக்கில எடுக்கினம்.

தம்பி முறிகண்டி, இதுதான் உங்கட 1.46க்கும் 1.62க்கும் இடையில இருக்கிற வித்தியாசத்தின்ர பெரிய பங்கு. இண்டைய வெப்பநிலையில அவைக்குப் பெரிய சண்டை இல்லை, 1850 தொடக்கம் 1900 மட்டும் கடல் எவ்வளவு இருந்தது எண்டதிலதான் ஒவ்வொருத்தரும் வாளிக் கணக்கை ஒவ்வொரு மாதிரித் திருத்தினம். அப்ப தெற்குச் சமுத்திரத்தில கப்பல் போனதே அருமை. அதே 2024 ஐ 1991-2020 சைபரில இருந்து ஒப்பிட்டா நிறுவனங்களுக்கு இடையில உள்ள இடைவெளி நல்லாக் குறைஞ்சுபோகும்.

நெடுங்கேணி சிவராத்திரி:

கடலோடி அண்ணை, நல்லாச் சொன்னியள், ஆனா "திருத்தம்" எண்ட சொல்லைக் கேட்டாலே எனக்கு மனம் ஏற்குதில்லை. அளந்ததைப் பிறகு மாத்துறது எண்டா தங்களுக்கு வேண்டின பக்கம் மாத்தேலும்தானே?

வவுனியா தரவுக்காரி:

சிவராத்திரி அண்ணை, நான் மேற்படிப்புக்கு வெப்பநிலைத் தரவுகளோடதான் வேலை செய்யிறன், உங்கட கேள்வியள் எல்லாத்துக்கும் சேர்த்துச் சொல்லுறன், நீளும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

திருத்தத்தில இருந்து. கன்வஸ் வாளி குறைவாக் காட்டினது எண்டபடியால் பழைய கடல் அளவுகளைத் திருத்தேக்க மேல தூக்கவேணும். பழசு மேல போனா அண்டைக்கும் இண்டைக்கும் இடையில உள்ள வித்தியாசம் என்னாகும்? குறையும். தரை, கடல் எல்லாத் திருத்தத்தையும் சேர்த்துப் பாத்தா, திருத்தாத தரவைவிடத் திருத்தின தரவுதான் நூற்றாண்டுக் கணக்கில குறைஞ்ச வெப்பமேற்றத்தைக் காட்டுது. கூட்டிக் காட்டவேணும் எண்டு நினைக்கிற ஆக்கள் இப்பிடிச் செய்யமாட்டினம். திருத்தாத தரவும் திருத்தின தரவும் ரெண்டுமே இணையத்தில சும்மா கிடக்குது, ஆரும் இறக்கி ஒப்பிடலாம், நான் செய்து பாத்தனான்.

இப்ப தரைக்கு வாறன். வெப்பநிலை அளக்கிறது வெயிலுக்குள்ள இல்லை. ஸ்டீவன்சன் திரை எண்ட வெள்ளைப் பெட்டி, நாலு பக்கமும் சாய்வான பலகைச் சட்டம் ரெண்டு அடுக்கா அடிச்சிருக்கும், காத்துப் போய் வரும் வெயில் உள்ள விழாது, புல்லுத் தரைக்கு மேல கால் நட்டு, வெப்பமானியள் நிலத்தில இருந்து ஒண்டேகால் மீற்றருக்கும் ரெண்டு மீற்றருக்கும் இடையில வரக்கூடிய மாதிரி வைச்சிருப்பினம். உள்ள படுக்கையா ரெண்டு வெப்பமானி. ஒண்டில இரசம், குமிழுக்குக் கிட்டக் குழாய் ஒடுங்கி இருக்கும், சூடேற இரசம் அந்த ஒடுக்கத்தைத் தாண்டி மேல போகும், குளிர்ந்தாலும் திரும்பி வராது, அப்பிடியே நிண்டு அண்டைய உச்சத்தைக் காட்டும். மற்றதில மதுசாரம், அதுக்குள்ள ஒரு சின்ன ஊசி, குளிரக் குளிர மதுசாரத்தின்ர விளிம்பு அந்த ஊசியைப் பின்னால இழுத்துக்கொண்டு போகும், சூடேற ஊசியை விட்டிட்டு மதுசாரம் மட்டும் முன்னுக்குப் போகும், ஊசி நிக்கிற இடம் அண்டைய இழிவு. உச்சத்தையும் இழிவையும் கூட்டி ரெண்டால பிரிச்சா அந்த நாளின்ர சராசரி. அவதானிப்பாளர் வாசிச்சு எழுதின பிறகு உச்ச வெப்பமானியை உதறி, இழிவு வெப்பமானியைச் சரிச்சு ரெண்டையும் திரும்ப ஆயத்தப்படுத்தி வைக்கவேணும். இப்ப கன இடங்களில தானியங்கி நிலையங்கள் வந்திட்டுது, ஆனா பழைய நூறு வருசம் இப்பிடித்தான் கையால எழுதினது, அந்த மனிசரின்ர ஒழுங்கில எனக்குப் பெரிய மரியாதை.

இதில நேரம் முக்கியம். பின்னேரம் அஞ்சு மணிக்கு வாசிச்சு உதறி வைக்கிற நிலையத்தில, ஒரு நெருப்பு வெயில் நாள் அஞ்சு மணிக்கும் சூடு தணியாமல் இருந்தா, உதறின உடனயே இரசம் திரும்ப மேல போய் அந்தச் சூடு அடுத்த நாளின்ர உச்சமாவும் பதியும், ஒரு வெயிலை ரெண்டு தரம் எண்ணுறது. அமெரிக்காவில கன நிலையங்கள் பின்னேர வாசிப்பில இருந்து காலை வாசிப்புக்கு மாறினபடியால் ஒண்டும் நடக்காமலே குளிர்ந்தது மாதிரி வந்தது, அதையும் திருத்தவேண்டி வந்தது.

வன்னியில இருந்த ஆக்களுக்கு நேரம் மாறுறது எண்டா என்ன எண்டு சொல்லித் தரத் தேவையில்லை. 1996 இல அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளினது, முதல் ஒரு மணித்தியாலம், பிறகு அதை அரை மணித்தியாலமாக் குறைச்சது, 2006 சித்திரையிலதான் பழையபடி வந்தது, வன்னி மட்டும் அந்தக் காலம் முழுக்கப் பழைய நேரத்திலயே நிண்டது. ஓமந்தையைத் தாண்டினா மணிக்கூடு அரை மணித்தியாலம் மாறும், பழைய நேரமா புதிய நேரமா எண்டு கேட்டுத்தான் ஒருத்தரைச் சந்திக்கப் போறது. ஒரு நிலையம் உள்ளூர் மணிக்கூட்டைப் பாத்து அளந்தா இப்பிடியான மாற்றம் தரவுக்குள்ளயும் புகுந்திடும். அதாலதான் வானிலை அவதானிப்புகளை உலகப் பொது நேரத்துக்குக் கட்டி வைச்சிருக்கினம், இலங்கையில காலை 8.30 வாசிப்பு எண்டது பொது நேரம் 3.00, மணிக்கூட்டை ஆர் எப்பிடித் தள்ளினாலும் சூரியன் நிக்கிற இடம் மாறாது.

போர்க்காலம். அண்ணை கேட்டது நூற்றுக்கு நூறு சரியான கேள்வி, வடக்கு நிலையங்களின்ர பதிவுகளில போர்க்கால இடைவெளிகள் இருக்குத்தான், அந்த வெற்றிடத்தைத் தரவுக்குள்ள பாக்கேக்க எனக்கு மனம் கனக்கும், ஒவ்வொரு வெறும் கட்டத்துக்குப் பின்னாலயும் என்ன நடந்தது எண்டு எங்களுக்குத் தெரியும். ஆனா ரீச்சர் சொன்ன விலகல் எண்ட முறை இஞ்சதான் கைகுடுக்குது. மழை ஊருக்கு ஊர் மாறும், மாங்குளத்தில கொட்டும், புளியங்குளத்தில தூறாது. வெப்பநிலை விலகல் அப்பிடி இல்லை, நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு ஒண்டோட ஒண்டு ஒத்துப்போகும். வவுனியாவில ஒரு மாதம் வழமையைவிடச் சூடு எண்டா அநுராதபுரம், திருகோணமலை, மன்னாரிலயும் பெரும்பாலும் சூடுதான், தென்னிந்தியக் கரையிலயும் அதின்ர சாயல் இருக்கும். 1987 இல ஹான்சனும் லெபடெவும் இதை அளந்து பாத்துத்தான் ஒரு நிலையத்தின்ர விலகலை 1200 கிலோமீற்றர் மட்டும் பயன்படுத்தலாம் எண்டு முறை வைச்சவை, தூரம் கூடக்கூட அதின்ர பங்கைக் குறைச்சுக்கொண்டு போவினம். அளக்காத இடத்தை வெறுமையா விட்டா சரி எண்டும் இல்லை. பழைய ஹாட்கிரட் பதிப்பில ஆர்க்டிக்கின்ர பெரும்பகுதி வெறுமை, ஆர்க்டிக்கோ 1979க்குப் பிறகு உலகச் சராசரியைவிட ஏறக்குறைய நாலு மடங்கு வேகத்தில சூடாகுது, அதை விட்டிட்டுக் கணக்குப் பாத்தபடியால் உலக வெப்பமேற்றம் உண்மையைவிடக் குறைவா வந்தது. அஞ்சாம் பதிப்பிலதான் அதை நிரப்பினவை.

ரவுண் சூடு உண்மை, அதை ஒருத்தரும் மறுக்கேல்ல. நாசா இரவில செய்மதிக்குத் தெரியிற வெளிச்சத்தை வைச்சு எந்த நிலையம் ரவுணுக்குள்ள எண்டு பிரிச்சு, ரவுண் நிலையத்தின்ர நீண்டகாலப் போக்கைச் சுத்தியுள்ள கிராம நிலையங்களுக்கு ஏத்த மாதிரித் திருத்துது. ரிச்சார்ட் முல்லர் எண்ட பௌதிகவியலாளர் உங்களை மாதிரியே சந்தேகப்பட்டு, பேர்க்லி ஏர்த் எண்ட குழுவைத் தொடங்கி எல்லாத் தரவையும் முதலில இருந்து புதுசாக் கணக்குப் பாத்தவர், கடைசியில 2012 இல வெப்பமேற்றம் உண்மை எண்டு வெளிப்படையாச் சொன்னவர். மேல ரீச்சர் போட்ட 1.62 அந்தக் குழுவின்ர இலக்கம்தான். இதெல்லாத்தையும் விடுங்கோ, கடலுக்குள்ள ரவுண் இல்லை, கடலும் சூடாகுது.

நெடுங்கேணி சிவராத்திரி:

தங்கச்சி, நேரம் எடுத்து எழுதினதுக்கு நன்றி. பழைய நேரம் புதிய நேரம் எண்டதை இதுக்குள்ள கொண்டு வருவீங்கள் எண்டு நினைக்கேல்ல, அந்த இடத்தில எனக்கு விசயம் பிடிபட்டுது. திருத்தாத தரவையும் வைச்சிருக்கினம் எண்டதுதான் எனக்குப் பெரிய விசயம், நான் அதைப் போய்ப் பாக்கிறன். ஒண்டு மட்டும் கேக்கிறன், கொப்பர்நிக்கஸ் மட்டும் ஏன் எல்லாரையும்விட ஒரு நாளுக்குரிய இலக்கம் கூடச் சொல்லுது, மற்றவை மாதக் கணக்குத்தானே சொல்லினம்?

வவுனியா தரவுக்காரி:

அது வேற வழி அண்ணை. மற்றவையில பெரும்பாலானவை நிலையம், கப்பல், மிதவை அளவுகளை நேர சராசரி எடுக்கினம். கொப்பர்நிக்கஸ் ஈஆர்ஏ5 எண்ட முறையில, எதிர்வுகூறலுக்குப் பாவிக்கிற மாதிரியான கணினி மாதிரிக்குள்ள செய்மதி, விமானம், பலூன், நிலையம் எல்லாத் தரவையும் ஊட்டி, மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் முழுப் பூமியின்ர வளிமண்டலத்தையும் கட்டி எழுப்புது. அதால நாள் கணக்கும் எடுக்கலாம், 15.10 மாதிரி நேர வெப்பநிலையும் சொல்லலாம். ஆனா அது 1940 இல இருந்துதான் இருக்கு, 1850 இல்லை. அதால தன்ர 0.72 ஓட, மற்றவையின்ர பழைய தரவுகளில இருந்து எடுத்த 0.88 ஐக் கூட்டித்தான் 1.60 எண்டு சொல்லுது. 0.88 எண்டது 1850-1900க்கும் 1991-2020க்கும் இடையில பூமி சூடான அளவு.

முறிகண்டிப் பக்கம்:

இப்ப நல்லா விளங்குது, எல்லாருக்கும் நன்றி. கடைசியா ஒண்டு. பாரிஸ் ஒப்பந்தத்தில 1.5 பாகைக்கு மேல போகவிடக்கூடாது எண்டு சொன்னவை எல்லோ, 1.55 எண்டா அது உடைஞ்சு போச்சா? மற்றது எங்கட திணைக்களம் மழையும் வெப்பமும் "வழமையைவிடக் கூட" எண்டு சொல்லேக்க எந்த வழமை?

புவியியல் ரீச்சர்:

உடையேல்ல தம்பி, ஆனா விளிம்பில நிக்குது. 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின்ர 1.5 ஒரு தனி வருசத்துக்கு வைச்சது இல்லை, நீண்டகாலச் சராசரிக்கு வைச்சது, ஐபிசிசி எண்ட ஐநாவின்ர காலநிலை விஞ்ஞானக் குழு அதை 20 வருசச் சராசரியாப் பாக்குது. 2023-24 இல எல் நினோ, அதாவது பசுபிக் சமுத்திரம் வழமையைவிடச் சூடாகிற நிலை, இருந்தது, அதுவும் ஒரு வருசத்தை மேல தள்ளும். ஐபிசிசி 2021 இல சொன்ன நீண்டகாலக் கணக்கு, 2011 தொடக்கம் 2020 மட்டும் உள்ள பத்து வருசம் 1850-1900 ஐவிட 1.09 பாகை கூட, அதிலயும் தரை மட்டும் எடுத்தா 1.59, கடல் மட்டும் எடுத்தா 0.88. மனிசர் வாழுற தரை உலகச் சராசரியைவிடக் கூடச் சூடாகியிருக்கு, இதை உங்கட கூட்டத்தில கட்டாயம் சொல்லுங்கோ. 1850 எண்டது தொழிற்புரட்சிக்கு முந்தின காலமும் இல்லை, அதுக்கு முதலே நிலக்கரி எரிக்கத் தொடங்கியாச்சு, 1750 ஐச் சைபரா எடுத்தா இன்னும் ஏறக்குறைய 0.1 பாகை கூடும் எண்டும் ஐபிசிசி சொல்லியிருக்கு. ஆனா 1850க்கு முதல் கடலை அளந்த குறிப்புகள் போதாது, அதாலதான் அங்க வைச்சது.

வழமை எண்டது உலக வானிலை அமைப்பின்ர முறைப்படி 30 வருசச் சராசரி, பத்து வருசத்துக்கு ஒருக்கா முன்னுக்கு நகத்துவினம், இப்ப நடக்கிறது 1991-2020. வளிமண்டலவியல் திணைக்களத்தின்ர அறிக்கை கையில கிடைச்சா எந்த 30 வருசம் எண்டு அடியில பாருங்கோ. இதில கமக்காரர் கவனிக்கவேண்டிய இடம் ஒண்டு இருக்கு. 1961-1990 ஓட ஒப்பிட்டா நல்லாச் சூடு எண்டு வாற ஒரு சித்திரை, 1991-2020 ஓட ஒப்பிட்டா "வழமைக்குக் கிட்ட" எண்டு வரலாம், சூடு அதேதான், சைபர்தான் மேல ஏறினது. எண்பதுகளில சிறுபோகம் செய்த ஆக்கள் "முந்தி இப்பிடி இல்லை" எண்டு சொல்ல, அறிக்கை "வழமை" எண்டு சொன்னா ரெண்டு பேரும் உண்மைதான் சொல்லினம்.

வவுனியா தரவுக்காரி:

ரீச்சர் சொன்னதைக் கண்ணால பாக்க விருப்பம் எண்டா, நாசாவின்ர வெப்பநிலைப் பக்கத்தில உலகப்படம் கீறித் தாற இடம் ஒண்டு இருக்கு, அதில அடிப்படைக் காலத்தை நாங்களே மாத்தலாம். 2024 ஐப் போட்டு முதல் 1951-1980 வைச்சுக் கீறுங்கோ, பிறகு அதே 2024 ஐ 1991-2020 வைச்சுக் கீறுங்கோ. முதல் படம் சிவப்பா நிறைஞ்சிருக்கும், ரெண்டாவது கொஞ்சம் வெளிறும், ஆனா ஆர்க்டிக் ரெண்டிலயும் மற்ற இடங்களைவிடக் கடுமையாத்தான் நிக்கும். கூட்டத்தில ரெண்டு படத்தையும் பக்கத்தில பக்கத்தில போட்டு, கீழ அடிப்படைக் காலத்தைப் பெரிய எழுத்தில எழுதி விடுங்கோ முறிகண்டி அண்ணை, தேவை எண்டா ரெண்டையும் நானே தமிழில எழுதிக் கீறி வட்ஸ்அப்பில அனுப்புறன்.